போர்டு ஏற்ற பாடத்தை அகாடமிக் கவுன்சில் திருப்பி அனுப்பலாமா?

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். பி.எஸ்ஸி. இரண்டாம் பருவத்தில் உள்ள அலைடு (துணைப்பாடம்) கணிதம் இரண்டாம் தாளை எடுத்துவிட்டு, பைதான் வழிக் கணிப்பு இயற்பியல் என்று ஒரு தாளைக் கொண்டுவர முன்மொழிவு தயாரித்தீர்கள். துறையின் பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் அதை ஒருமனதாக ஏற்றது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கல்விக் குழுவாகிய அகாடமிக் கவுன்சிலோ மறுபரிசீலனைக்கு என்று திருப்பிவிட்டது. கவுன்சிலில் இயற்பியல் படித்தவர்கள் இரண்டு பேர்தான், தமிழ், வணிகவியல், விலங்கியல் துறையினர் இதைத் தடுப்பது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அதிகாரம் பற்றியது போல இருந்தாலும், இந்தத் தாளை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். கவுன்சில் கோப்புகளை நெடுங்காலம் கையாண்டவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

அதிகாரம் இருக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள், 2018இல் வந்ததும் சரி, அதன் இடத்தில் 2023இல் வந்ததும் சரி, போர்டின் வேலையையும் கவுன்சிலின் வேலையையும் தெளிவாகப் பிரித்திருக்கின்றன. பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கவுன்சிலின் பரிசீலனைக்கும் ஒப்புதலுக்கும் வைப்பது போர்டின் வேலை. அதை ஆராய்ந்து, திருத்தத்தோடோ திருத்தம் இல்லாமலோ ஒப்புதல் தருவது கவுன்சிலின் வேலை. கருத்து வேறுபட்டால் போர்டுக்குத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஆனால் அதே வரியிலேயே ஒரு நிபந்தனை உண்டு: காரணம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு உள்ள பிடி அதுதான். ‘கவுன்சில் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்’ என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள்; ‘கவுன்சில் வைத்ததுதான் சட்டம்’ என்றும் அதே ஆட்கள் சொல்வார்கள். விதிப்படி இரண்டும் தவறு.

யார் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் இந்த அமைப்பின் நோக்கம் புரியும். போர்டில் துறைத் தலைவர்தான் சேர்மன். துறை ஆசிரியர்கள், கவுன்சில் நியமிக்கும் இரண்டு வெளிப் பாட வல்லுநர்கள், முதல்வர் அனுப்பும் ஆறு பேர் பட்டியலிலிருந்து துணைவேந்தர் தேர்ந்தெடுக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முதுநிலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். ஏறக்குறைய எல்லாருமே அந்தப் பாடத்துக்காரர்கள். கவுன்சிலில் முதல்வர் தலைவர். எல்லாத் துறைத் தலைவர்களும் உறுப்பினர்கள். பணிமூப்புப்படி சுழற்சியில் வரும் நான்கு ஆசிரியர்கள், ஆட்சிக்குழு நியமிக்கும் குறைந்தது நான்கு வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகத்தின் நியமன உறுப்பினர்கள் மூவர், இவர்களோடு உறுப்பினர் செயலராக ஓர் ஆசிரியர். பதினைந்து துறை உள்ள கல்லூரி என்றால் மொத்தம் இருபத்தைந்து பேருக்கு மேல் வருவார்கள். ஒரு பாடத்தின் தரத்தை எடைபோட இப்படி ஒரு கூட்டம் வேண்டியதில்லை. அதற்குத்தான் போர்டு இருக்கிறது. ஒரு துறை செய்யும் மாற்றம் மற்ற துறைகளிலும், தேர்வு அலுவலகத்திலும், மாணவரின் அடுத்த படிப்பிலும் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கத்தான் எல்லாத் துறைகளையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். ஆகவே ‘இயற்பியல் தெரியாதவர்கள் ஏன் பேசுகிறார்கள்’ என்ற வாதத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

உங்கள் முன்மொழிவு ஏன் முட்டியது என்பதை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். நம் கல்லூரிகளில் இளநிலை வகுப்புக்கு வாரம் 30 மணி நேரம். மூன்றாண்டுக்கு வழக்கமாக 140 கிரெடிட் (மதிப்புப் புள்ளி). அலைடு கணிதத்துக்கு வாரம் 6 மணி, இயற்பியலில் இரண்டு பிரிவு என்று வைத்துக்கொள்வோம். கணிதத் துறை இழப்பது 12 மணி. உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்லும் நேரடிக் கற்பித்தல் நேரம் வாரம் 16 மணி. அதாவது இரட்டைப் பருவத்தில் ஒரு பணியிடத்தின் முக்கால் பங்கு ஒர்க்லோடு காணாமல் போகிறது. அரசு உதவி பெறும் பிரிவில் இது வெறும் டைம் டேபிள் பிரச்சினையாக நிற்காது. பணியிடம் காலியாகும்போது அதை நிரப்ப அனுமதி கேட்டால் ஒர்க்லோடு விவரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சுயநிதிப் பிரிவில் அது ஒரு இளம் ஆசிரியரின் வேலையாகவே இருக்கலாம். கணிதத் துறைத் தலைவர் இதைக் கவுன்சில் அறையில்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார் என்றால், அவர் எழுந்து நிற்காமல் என்ன செய்வார்?

மறுபக்கக் கணக்கையும் போடுங்கள். புதிய தாளில் 3 மணி வகுப்பு, 3 மணி லேப் என்றால், 60 பேர் உள்ள பிரிவை 30 கணினி உள்ள லேபில் இரண்டு பேட்ச்சாகப் பிரிக்க வேண்டும். மாணவருக்கு 6 மணி. ஆசிரியருக்கு 3 கூட்டல் 6, ஆக 9 மணி. இரண்டு பிரிவுக்கு 18 மணி. இது ஒருவரின் 16 மணியைத் தாண்டுகிறது. லேபுக்கு மட்டும் வாரம் 12 மணி நேர ஸ்லாட் வேண்டும். அது கணினி அறிவியல் துறையின் லேப் என்றால் அவர்களையும் கேட்க வேண்டும். கிரெடிட்டிலும் ஒரு இடறல் இருக்கிறது. வகுப்பு 1 மணிக்கு 1 கிரெடிட், லேப் 2 மணிக்கு 1 கிரெடிட் என்ற யு.ஜி.சி. கணக்கில் 3 கூட்டல் 3 என்பது 4.5 வரும். எடுத்துவிடும் தாளுக்கு 4 கிரெடிட் என்றால், 140 என்ற கூட்டுத்தொகை இடிக்கும். 2 மணி வகுப்பு, 4 மணி லேப் என்று மாற்றினால் 4 சரியாக வரும். ஆனால் ஆசிரியர் நேரம் பிரிவுக்கு 10 ஆகிவிடும். செய்முறைத் தேர்வு வருவதால் வெளித் தேர்வாளர், தனி அட்டவணை, தேர்வுக் கட்டணம் எல்லாம் தேர்வுக் கட்டுப்பாட்டாளரான கன்ட்ரோலர் அலுவலகத்தின் தலையில் விழும். இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. அது உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பெரும்பாலான முன்மொழிவுகளில் சிலபஸ் இருக்கும், இந்தப் பக்கம் இருக்காது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. முதுநிலை இயற்பியல் சேர்க்கைக்குப் பல பல்கலைக்கழகங்கள் இளநிலையில் கணிதத்தை அலைடாகப் படித்திருக்க வேண்டும் என்று தகுதி வைத்திருக்கின்றன. ஐ.ஐ.டி.கள் சிலவற்றில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு வழியாக எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேரவும் இரண்டு பருவமோ ஓராண்டோ கணிதம் கேட்கிறார்கள். உங்கள் மாணவி ஒருத்தி நல்ல ரேங்க் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பில் மார்க் ஷீட்டில் கணிதம் ஒரு பருவம்தான் இருக்கிறது என்று நின்றுவிட்டால், அந்த ஆண்டு அவளுக்குப் போனது போனதுதான். பைதான் தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஈடு செய்யாது. போர்டில் இருந்த வெளி வல்லுநர்கள் இதை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பாமல் விட்டிருந்தால் கவுன்சில் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றே சொல்வேன். நேர்மையாகச் சொன்னால், கணிதத்தை எடுத்துவிட்டு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பைதானைத் திறன் மேம்பாட்டுத் தாளாகவோ, மூன்றாம் ஆண்டில் எலெக்டிவாகவோ வைக்கலாம். கணிதத் துறையோடு பேசி, அலைடு இரண்டாம் தாளின் ஐந்து யூனிட்டில் எண்ணியல் முறைகள் வரும் யூனிட்டை மட்டும் பைதானில் செய்து பார்க்கும் பயிற்சியாக மாற்றுவது இன்னும் நல்லது. தாளின் பெயரில் கணிதம் நிற்கும், ஒர்க்லோடு நகராது, மாணவர் கையில் பைதானும் வந்துவிடும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை, அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் உங்கள் இனத்துக்கு, அதாவது அஜெண்டாவில் உங்கள் முன்மொழிவு வந்த பொருளுக்கு, எழுதப்பட்ட தீர்மானத்தை அப்படியே பார்ப்பது. யாரோ வந்து சொன்னதை நம்பாதீர்கள். ‘இயற்பியல் பாடத்திட்டம் விவாதிக்கப்பட்டது, மறுபரிசீலனைக்குத் திருப்ப முடிவு செய்யப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அது குறையுள்ள தீர்மானம், காரணம் இல்லை. நல்ல தீர்மானம் இப்படி இருக்கும்: ‘பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் பருவம், அலைடு கணிதம் 2 தாளுக்கு மாற்றாக முன்மொழியப்பட்ட தாள், முதுநிலைச் சேர்க்கைத் தகுதி, கணிதத் துறையின் பணிச்சுமை, கணினி ஆய்வக வசதி ஆகியவை பற்றிய குறிப்பு இணைக்கப்படாததால், அவற்றோடு அடுத்த கூட்டத்தில் வைக்குமாறு போர்டுக்குத் திருப்பப்படுகிறது. ஏனைய தாள்கள் ஏற்கப்பட்டன.’ அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது விடுபட்டிருந்தால் மொத்தப் பாடத்திட்டமும் நிற்கிறதா, ஒரு தாள் மட்டும் நிற்கிறதா என்ற குழப்பம் ஜூனில் வகுப்பு தொடங்கும்போதுதான் வெடிக்கும்.

காரணம் இல்லை என்றால், துறைத் தலைவர் வழியாக உறுப்பினர் செயலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். கோபம் தெரியும் சொல் ஒன்றுகூட வேண்டாம். ‘இன எண் இன்னது, திருப்பியதற்கான காரணங்களைத் தெரிவித்தால் போர்டு அவற்றைப் பரிசீலிக்க ஏதுவாக இருக்கும்’ என்று மட்டும் எழுதுங்கள். இந்தக் கடிதம் உங்கள் பெயரில் போவதைவிட போர்டு சேர்மன் என்ற முறையில் ஹெச்.ஓ.டி. பெயரில் போவதே முறை. ஏனென்றால் கவுன்சில் திருப்பியது போர்டுக்கு, உங்களுக்கு இல்லை. மினிட்ஸ் தவறாகப் பதிவாகியிருந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் இனமாக அதை உறுதிப்படுத்தும்போதுதான் திருத்த முடியும். அந்த நிமிடத்தில் உங்கள் ஹெச்.ஓ.டி. வாய் திறக்காவிட்டால், பதிவானதே நின்றுவிடும்.

அடுத்து கோப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு குறிப்பு முன்னால் இருக்கட்டும், சிலபஸ் அதற்குப் பின் இணைப்பாக வரட்டும். வெளி உறுப்பினர்களுக்கு அஜெண்டா கட்டு பல கல்லூரிகளில் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலைதான் போகிறது. எல்லாத் துறைப் பாடத்திட்டமும் சேர்ந்து தலையணை கனத்தில் இருக்கும். அவர்கள் படிக்கப்போவது முதல் இரண்டு பக்கத்தைத்தான். அதில் இப்போதிருப்பது, முன்மொழிவது, காரணம் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை போடுங்கள். ‘காலத்துக்கு ஏற்ப’ என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். எந்த யூனிட்டில் எந்தத் தலைப்பு போகிறது, அதனால் மாணவர் எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறார் என்று எழுதுங்கள். கிரெடிட், மணி, அக மதிப்பீடு புற மதிப்பீடு விகிதம், வினாத்தாள் அமைப்பு, தாள் குறியீடு, நூலகத்தில் இருக்கும் பாடநூல்கள், தேர்வாளர் பட்டியல் ஆகியவையும் வேண்டும். தேர்வாளர் பட்டியலைப் பரிந்துரைப்பது போர்டின் வேலை என்று விதியே சொல்கிறது. புதிய தாளுக்கு அதை மறந்துவிட்டு, நவம்பரில் வினாத்தாள் எடுக்க ஆள் இல்லாமல் கன்ட்ரோலர் அலுவலகம் அலைவதைப் பல இடங்களில் பார்க்கலாம். கணிதத் துறைத் தலைவரும் கணினி அறிவியல் துறைத் தலைவரும் கையெழுத்திட்ட இசைவுக் கடிதங்கள் இரண்டும் கூடவே இருந்தால், விவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது: மாற்றம் யாருக்குப் பொருந்தும் என்ற வரி. ‘2026–27 கல்வியாண்டு முதல்’ என்று எழுதுவதும் ‘2026–27இல் சேரும் மாணவர் முதல்’ என்று எழுதுவதும் ஒன்றாகத் தோன்றும். இரண்டாம் பருவத் தாளில் இரண்டும் 2026 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வரும், பெரிய வேறுபாடு தெரியாது. ஐந்தாம் பருவத் தாளாக இருந்தால், முதல் வாக்கியப்படி ஏற்கெனவே மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டவர்கள் நடுவழியில் புதிய தாளுக்கு மாற வேண்டும். இரண்டாவதன்படி அது 2028இல்தான் வகுப்புக்கு வரும். அதோடு அரியர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அலைடு கணிதத்தில் தோற்றவருக்கு இன்னும் எத்தனை முறை பழைய சிலபஸில் தேர்வு நடக்கும், அதற்குப் பிறகு எந்தத் தாளை இணையாக எழுதலாம் என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து ஒரு மாணவர் டிகிரி வாங்க முடியாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். அப்போது இந்தத் தாளை வடிவமைத்தவர் வேறு கல்லூரிக்கே போயிருக்கலாம்.

இதுவரை சொன்னதில் கவுன்சில், போர்டு அமைப்பும் காரணம் சொல்லும் கடமையும் உறுதியானவை. கல்லூரிக்குக் கல்லூரி மாறுபவை சில உண்டு; அவற்றை உங்கள் கல்லூரியின் தன்னாட்சி விதித் தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவெண் வரம்பு (கோரம்) எத்தனை, அஜெண்டா எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும், உறுப்பினர் அல்லாத ஆசிரியரைச் சிறப்பு அழைப்பாளராக உட்கார வைக்கலாமா என்பவை அந்த வகை. முடிந்தால் முதல்வரிடம் கேட்டு அந்த இனத்துக்கு மட்டும் நீங்கள் அழைப்பாளராகப் போங்கள். வகுத்தவரே விளக்குவதற்கு ஈடில்லை. கூட்டங்களுக்கு இடையில் முதல்வர் ஒப்புதல் பெற்று நடத்திவிட்டுப் பிறகு கவுன்சிலில் பின்னேற்பு வாங்கும் வழக்கமும் பல கல்லூரிகளில் உண்டு. தட்டச்சுப் பிழை, நூல் பதிப்பு மாற்றம் போன்றவற்றுக்கு அது சரி. ஏற்கெனவே கவுன்சில் திருப்பிய ஒன்றை அந்த வழியில் நுழைப்பது கூடவே கூடாது. யாராவது ஒரு மாணவர் வழக்குப் போட்டால் கல்லூரிக்கு நிற்க இடம் இருக்காது.

கவுன்சிலால் முடியாதவையும் உண்டு. புதிய பட்டப்படிப்பைத் தொடங்க அது ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பணியிடமோ பணமோ அதன் கையில் இல்லை; நிதிக்குழுவுக்கும் ஆட்சிக்குழுவுக்கும் போக வேண்டும். பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகம்தான், கல்லூரி இல்லை. போர்டில் யாராவது ‘தாளை ஏன், படிப்பின் பெயரையே மாற்றிவிடுவோம்’ என்று ஆசை காட்டினால் உடன்படாதீர்கள். யு.ஜி.சி. பட்டியலில் உள்ள பட்டப் பெயர் வேண்டும். அதற்கு மேல், அரசு வேலைக்கு அந்தப் பட்டம் பழைய பட்டத்துக்கு இணையானதா என்று இணைத்தன்மைக் குழு பார்த்து, அரசாணை வர வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யிலும் ஆசிரியர் தேர்வு வாரியத்திலும் இந்த ஓர் அரசாணை இல்லாமல் நிற்கும் பிள்ளைகளின் நிலைமை கொடுமையானது.

இந்த நடைமுறையெல்லாம் வீண் இழுத்தடிப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். 1978இல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை இந்தியாவின் முதல் தன்னாட்சிக் கல்லூரிகளில் இடம்பெற்றபோது கிடைத்த உரிமையே, பாடத்தை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே எழுதலாம் என்பதுதான். 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டங்களைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகள் பல எதிர்ப்புச் சொன்னதும் அந்த உரிமையை முன்வைத்துத்தான். கல்லூரி அந்த உரிமையைச் செலுத்தும் ஒரே வழி போர்டும் கவுன்சிலும்தான். காரணம் எழுதாமல் திருப்பும் கவுன்சிலும், கணக்குப் போடாமல் அனுப்பும் போர்டும் அதைக் கரைத்துவிடும்.

காலக்கெடுவை மட்டும் நினைவில் வையுங்கள். திருப்பப்பட்ட இனம் நேராகக் கவுன்சிலுக்குப் போக முடியாது. போர்டு மறுபடி கூடி, காரணங்களைப் பரிசீலித்து, புதிய தீர்மானம் போட வேண்டும். ஜூன் சேர்க்கைக்கு முந்தைய கவுன்சில் கூட்டம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில் நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பாவது போர்டு முடிந்திருந்தால்தான் அஜெண்டாவில் இடம் கிடைக்கும். போர்டு கூட்டத்தில் தாமதம் வருவது வழக்கமாகத் துணைவேந்தர் நியமித்த உறுப்பினரின் தேதியால்தான்; அவருடைய நியமனக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். முடிந்திருந்தால் ஆறு பேர் பட்டியல் மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போய் வர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.